கருப்பு இறங்காத உடுக்கை

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் அழகம்மாளை வைகைப் பாலத்தின் நடுவில், கூண்டு வண்டிக்குள், புருஷனின் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதபடி விட்டுவிட்டு நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவள் என்ன செய்வாள்! வண்டி பாலத்தைத் தாண்டி, ஆரப்பாளையத்தைத் தாண்டி, மேற்கே திரும்பி, வேப்பனூத்துப்பட்டி வந்து சேர்வதற்குள் அழுகையும் வற்றிவிட்டது, புருஷனும் தூங்கிவிட்டான்.

இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் வெற்றிலை மடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அழகம்மாளின் புருஷன் கருத்தக்கண்ணன், அவளுடைய தாய்மாமன் மகன். மாமன் உக்கிரபாண்டி ஊர்க் கோயிலில் கருப்பசாமி இறங்கி ஆடுகிற சாமியாடி. அவருக்கு இவன் ஒரே பிள்ளை. கல்யாணம் முடிந்த கையோடு கருத்தக்கண்ணன் பெண்டாட்டியிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டான்.

"உம் மேல எனக்குப் பாசம் இருக்கு புள்ள. ஆசைதான் வரமாட்டேங்குது. அது தவசிகிட்டப் போயிருச்சு. நானா போகச் சொல்லி அனுப்பல."

தவசி யார்? அந்தக் கோயிலில் உடுக்கை அடிக்கிறவன். அவன் அடித்தால்தான் உக்கிரபாண்டி மேல் கருப்பு இறங்கும் என்று ஊரே பேசும். விஷயம் மாமன் காதுக்குப் போனது. அன்றைக்கே, "எல்லைக்கல்லத் தாண்டி உள்ள காலு வச்ச, வெட்டிப்புடுவேன்!" என்று தவசியை விரட்டினார். தவசியை விரட்டலாம், பெற்ற மகனை என்ன செய்வது? அப்போதுதான் தல்லாகுளத்து மின்சார டாக்டரைப் பற்றி யாரோ அவர் காதில் போட்டார்கள். மனசு தப்பான இடத்தில் போய் ஒட்டிக்கொண்டால், மின்சாரத்தை வைத்து அதைப் பிடுங்கி நேரான இடத்தில் ஊன்றிவிடுவாராம் அவர். நாற்றுப் பிடுங்கி நடுகிற மாதிரி!

முதல் தடவை அந்தப் பெட்டியைப் பார்த்தபோது அழகம்மாள் கையெடுத்துக் கும்பிடப் போனாள். தேக்குப் பெட்டி, அதன் மேல் பளபளவென்று பித்தளைக் குமிழ்கள், இரண்டு கம்பிகள். டாக்டர் ஒரு குமிழைத் திருகினார். கம்பிகளின் நுனியில் நீலமாக ஒரு நெருப்பு சடசடவென்று துள்ளியது. எண்ணெயில்லை, திரியில்லை, புகையில்லை. அம்மாடி! இதை அடக்கிப் பெட்டியில் வைத்திருக்கிற மனுஷன் எதைத்தான் செய்யமாட்டான் என்று அவள் மலைத்துப் போனாள்.

"அந்த ஆளுடைய உடைமை ஏதாவது கொண்டு வாருங்கள்" என்று டாக்டர் கேட்டிருந்தார். தவசியின் துண்டு ஒன்று வீட்டுக் கொடியில் கிடந்தது. அதை மடித்து எடுத்துப் போனவள் அழகம்மாள்தான். சந்தோஷமாகவே எடுத்துப் போனாள். ஏன் கூடாது? கட்டிக்கொண்டவன் தன்னை ஒரு முறையாவது ஆசையோடு பார்க்க வேண்டும் என்று எந்தப் பெண்தான் நினைக்கமாட்டாள்?

துண்டைக் கருத்தக்கண்ணன் கையில் கொடுத்து, "அவன் பேரைச் சொல்" என்றார் டாக்டர். சொன்னான். குமிழைத் திருகினார். மறுபடியும் சொல்லச் சொன்னார். மறுபடியும் திருகினார். போகப் போக அந்தப் பேரே கசந்துவிடும் என்பது வைத்தியம். போய்வந்த ஒவ்வொரு தடவையும் இதேதான். போன வாரம் கை வெந்து கொப்புளம் கண்டபின், "இனிமேல் கையில் வைத்துப் பிரயோஜனமில்லை. நெற்றிப்பொட்டில் வைக்க வேண்டும். கொஞ்ச நாளைக்குப் பேச்சுக் குழறும், ஆள் அடையாளம் தெரியாது, பயப்படாதீர்கள். சனிக்கிழமை கூட்டி வாருங்கள்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நாளை. இன்று வெள்ளி. இனிக் கதைக்கு வருவோம்.

கிணற்றடியில் குளித்துவிட்டுக் கருத்தக்கண்ணன் ஈரம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தான். அழகம்மாள் துண்டை நீட்டினாள். அது புதுத் துண்டு, தவசியுடையது கூட இல்லை. அதைப் பார்த்ததும் அவன் இரண்டடி பின்னால் போய்க் கிணற்றுச் சுவரில் முட்டிக்கொண்டான்.

"துண்டு வேணாம் புள்ள. வெயிலு அடிக்குதுல்ல, காஞ்சுரும்."

அழகம்மாள் துண்டை எட்ட எறிந்தாள். வீட்டில் இருந்த துண்டுகளையெல்லாம் அன்றே ஒளித்து வைத்திருக்க வேண்டும், புத்தி வரவில்லை. முந்தானையை உதறி அவன் தலையை, கழுத்தை, முதுகைத் துடைத்தாள். அவன் சின்னப் பிள்ளை மாதிரி நின்று துடைக்கக் கொடுத்தான். வலது கை மட்டும் தன் போக்கில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கையி இன்னும் எரியுதா மச்சான்?"

"எரிச்சலு போயிருச்சு. நடுக்கந்தான் நிக்கமாட்டேங்குது."

கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது அவளுக்கு. கேட்டுவிட்டாள். "டாக்டரு சொன்னாருல்ல. மனசு... கொஞ்சமாச்சும் மாறியிருக்கா?"

வேறொருவனாக இருந்தால் அவள் முகத்தைப் பார்த்தே ஒரு பொய் சொல்லியிருப்பான். இவனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"அவம் பேரைக் கேட்டா ஒடம்பு வெலவெலத்துப் போகுது. அம்புட்டுத்தான் புள்ள. மனசு அங்கனயேதான் நிக்குது. அவரு பெட்டி ஒடம்பு வரைக்குந்தான் வருது. அதைத் தாண்டி உள்ள போக அதுக்கு வழி தெரியல."

அந்த நீல நெருப்பை அவள் கண்ணால் பார்த்தவள். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு துள்ளியதையும் பார்த்தவள். அவ்வளவுக்கும் அசைந்து கொடுக்காமல் ஒரு மனுஷனுக்குள் ஒன்று இருக்குமா? இருந்தால் அது பேயா, நோயா, இல்லை சாமியா? அவளுக்குப் பயமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. அந்த அசையாத இடத்தில் தனக்கு ஒரு மூலை கூட இல்லையே என்று அழுகையும் வந்தது.

அவள் தாய் ஒச்சாயி ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், "துரும்பு வாங்கிக்கிட்டு வந்துருடி" என்று. அந்தப் பக்கத்து வழக்கம் அது. கட்டினவன் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அவன் வழி அவனுக்கு, அவள் வழி அவளுக்கு. வேறு ஒருவனைக் கட்டிக்கொண்டு வாழலாம், யாரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். அழகம்மாள்தான் கேட்கவில்லை. பெட்டியை நம்பிக்கொண்டிருந்தாள், மடச்சி.

"தாயி!"

உக்கிரபாண்டி வந்து நின்றார். பனை உயர ஆள். ஒரு வாரமாக விரதம் இருந்ததில் கன்னம் ஒட்டியிருந்தது. மகனை ஏறிட்டுப் பார்க்காமல் மருமகளிடம் பேசினார்.

"மத்தியானம் கோயிலுக்கு வந்துரு. வண்டியப் பூட்டிக் கோயில் வாசல்லயே நிறுத்தச் சொல்லிட்டேன். கருப்பு உத்தரவு குடுத்ததும் அப்புடியே டவுனுக்குப் பொறப்புட்டுருவோம். இன்னைக்கு வாக்குக் கேக்குறது நீதான்."

"நானா மாமா?"

"வேற யாரு? வாழப் போறவ நீ. நீதான் கேக்கணும்."

அந்தக் கோயிலில் கருப்பு கூச்சல் போட்டுக் குறி சொல்வதில்லை. வாக்குக் கேட்பவர் ஒருவர்தான். சாமி குனிந்து அவர் காதோடு சொல்லும். காதில் வாங்கியவர் அதை ஊருக்குச் சொல்ல வேண்டும். சாமி மலையேறி, உடம்பை விட்டுப் போன பிறகு சாமியாடிக்கு ஒன்றும் நினைவிருக்காது. தன் வாயால் வந்த வாக்கை அவரே அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்வார். விதைப்பா, கல்யாணமா, வழக்கா, எதுவானாலும் அந்தக் குடும்பத்தில் கருப்பைக் கேட்காமல் ஓரடி வைத்ததில்லை. உக்கிரபாண்டியின் தகப்பன் ஆடினார், அவர் தகப்பனும் ஆடினார்.

"மாமா, நெத்தியில வச்சா ஆளையே தெரியாமப் போயிரும்னு டாக்டரு சொன்னாரே..."

"சொன்னாரு. நானும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்." அவர் குரல் சட்டென்று உடைந்தது. "எனக்கு மட்டும் சந்தோசமா தாயி? இவனுக்கு ஒரு புள்ள பொறக்கலைன்னா கருப்பு எந்த ஒடம்புல வந்து எறங்கும்? என்னோட நின்னு போயிரும். சாமிய நடுத்தெருவுல விட்ட பாவம் எனக்கு வேணாம்."

அவர் போய்விட்டார். கருத்தக்கண்ணன் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னான்.

"கருப்பு சரின்னு சொல்லிட்டா நான் வாரேன் புள்ள. அய்யா சொன்னா மாட்டேம்பேன். கருப்பு சொன்னா மாட்டேம்பேனா? அது என்னை என்ன நெனைக்குதுன்னு எனக்கும் தெரியணும்ல."

மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. கண்மாய்க் கரையை ஒட்டி, மூன்று வேப்பமரங்களுக்கு அடியில் கருப்பு கோயில். கோயில் என்றால் கோபுரம் எதுவும் கிடையாது. ஒரு மேடை, அதில் ஆள் உயர அரிவாள்கள் நட்டிருக்கும், அவ்வளவுதான். எதிரே கரைக்கு அந்தப் பக்கம் எல்லைக்கல். வண்டி பூட்டித் தயாராக நின்றது. மாடுகள் அசைபோட, வண்டிக்குள் வழிக்கு வேண்டிய வைக்கோல் பரப்பியிருந்தது. ஊர் மொத்தமும் வந்துவிட்டது. சும்மாவா, உக்கிரபாண்டி வீட்டு விவகாரமாயிற்றே!

பக்கத்து ஊர்க் கண்ணுச்சாமியை உடுக்கைக்கு அழைத்து வந்திருந்தார்கள். குறை சொல்ல முடியாத கைகாரன். சாமியாடியின் அரைக்கால் உடையான சல்லடம் கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, உக்கிரபாண்டி மேடைக்கு முன்னால் வந்து நின்று கண்ணை மூடினார். கண்ணுச்சாமி வர்ணித்துப் பாடத் தொடங்கினான். மலையிலிருந்து கருப்பு புறப்பட்ட கதை, குதிரை ஏறின கதை, ஆற்றைத் தாண்டின கதை. உடுக்கை பேசியது. பெண்கள் குலவையிட்டார்கள். கருத்தக்கண்ணன் கண்மாயில் மறுபடி முழுக்குப் போட்ட ஈர வேட்டியோடு மேடை ஓரத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தான்.

கருப்பு இறங்கவில்லை.

கண்ணுச்சாமி வேகத்தைக் கூட்டினான். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து உடுக்கையின் மேல் சொட்டியது. சாம்பிராணியை அள்ளிப் போட்டார்கள். உக்கிரபாண்டியின் உடம்பு நட்ட கல்லாக நின்றது. ஒரு சிலிர்ப்பு இல்லை, ஒரு உதறல் இல்லை. வழக்கமாக உடுக்கை எடுத்ததும் சன்னதம் வந்துவிடுகிற ஆள்! கூட்டத்தில் முதலில் முணுமுணுப்பு, அப்புறம் அதுவும் இல்லை. குலவையிட்ட வாய்கள் ஒவ்வொன்றாக மூடின.

"ஆத்தி, கருப்பு வரலையே" என்று யாரோ ஒருத்தி அழுகிற குரலில் சொன்னாள்.

உக்கிரபாண்டி கண்ணைத் திறந்தார். அந்த முகத்தை அழகம்மாள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஊரையே நடுங்க வைத்த மனுஷன், ஊருக்கு முன்னால் வெறும் ஆளாக, சல்லடம் கட்டின வெறும் ஆளாக நின்றுகொண்டிருந்தார். "அடி!" என்று கண்ணுச்சாமியை அதட்டினார். "நிறுத்தாத, அடி!" என்று கெஞ்சினார். கண்ணுச்சாமி உடுக்கையைத் தரையில் வைத்துவிட்டு அதைத் தொட்டுக் கும்பிட்டான்.

"என்னைய மன்னிச்சிருங்கண்ணே. கூப்பிட்டுப் பாத்துட்டேன். கருப்பு இந்தக் கைக்கு வரமாட்டேங்குது."

இலை அசையவில்லை. மாட்டின் கழுத்து மணி கூட ஒலிக்கவில்லை.

அப்போதுதான் கரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

மெல்ல, தயங்கித் தயங்கி, வாசலில் நின்று கூப்பிடுகிறவன் மாதிரி ஓர் உடுக்கை. பாட்டுக் கிடையாது, வர்ணிப்புக் கிடையாது. யார் அடிக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அந்தக் கையை அந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். காலையிலிருந்தே எல்லைக்கல்லுக்கு வெளியே தவசி உட்கார்ந்திருக்கிறான். கருப்பு வராமல் நிற்பதை அவனால் பொறுக்க முடியவில்லை.

அழகம்மாளுக்குச் சாமி, சாமியாடி, எல்லாம் மறந்துபோயிற்று. அவள் கண் புருஷனின் கைக்குத்தான் போயிற்று. பேரைக் கேட்டாலே வெலவெலக்கிற கை. உடுக்கையைக் கேட்டால் என்ன ஆகுமோ!

கை துடித்தது. முன்னைவிட வேகமாகத் துடித்தது. அவனைப் பிடித்துக்கொள்ள ஓடினாள். கிட்டப் போனதும் நின்றுவிட்டாள். கை துடிக்கவில்லை. தொடை மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் உடுக்கை எங்கே விழுகிறதோ, இந்தப் பக்கம் அவன் விரல்கள் அங்கே விழுந்தன. முகத்தில் பயம் இல்லை. பெட்டி வைத்து, கம்பி வைத்து, தோலைக் கருக்கி அவர்கள் போட்ட நடுக்கம் எங்கே போயிற்று? அழகம்மாளுக்கு மேனி முழுவதும் மயிர்க்கூச்செறிந்தது.

"ஆய்ய்ய்!"

கூட்டம் சிதறியது. உக்கிரபாண்டி மேடையிலிருந்த அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தார். எட்டு வைத்த இடத்தில் புழுதி எழும்பியது. "வந்துட்டாரு! கருப்பு வந்துட்டாரு!" என்று ஊர் அலறியது. குலவைச் சத்தம் வேப்பமரத்துக் காக்கைகளைக் கிளப்பிவிட்டது. கரை மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, எல்லைக்கல்லை ஒரே தாவில் தாண்டி, நேரே தவசியின் முன்னால் போய் நின்றார்.

எல்லோரும் பின்னால் ஓடினார்கள். அழகம்மாள் ஓடினாள். கருத்தக்கண்ணனும் ஈர வேட்டி காலைத் தடுக்க ஓடிவந்தான்.

தவசி எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தான். கன்னத்தில் நீர் வழிந்தது. தலைக்கு மேல் அரிவாள் மின்னியது. வெட்டிப்புடுவேன் என்று சொன்ன அதே கை, அதே ஆள். ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அரிவாள் மெல்ல இறங்கித் தவசியின் காலடி மண்ணில் குத்திட்டு நின்றது. அந்தக் கை மடியிலிருந்த திருநீற்றை அள்ளி அவன் நெற்றியில் பூசியது.

ஊர் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது.

"கேளு தாயி, கேளு!" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். அழகம்மாள் முன்னால் போய் நின்றாள்.

"கருப்பு! ஒம் புள்ளைய டவுனுக்குக் கொண்டு போகவா, வேணாமா? நெத்தியில கரண்டு வைக்கவா, வேணாமா? நீ சொல்லு. நீ சொன்னபடி கேக்குறோம்."

அந்த உயரமான உடம்பு குனிந்தது. வேப்பிலையும் திருநீறும் வியர்வையும் கலந்த வாசனை. அனல் மாதிரி மூச்சு அவள் காதில் பட்டது. அழகம்மாள் கண்ணை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

மூச்சுத்தான் வந்தது. சொல் வரவில்லை.

இன்னும் காத்திருந்தாள். மூச்சு, மறுபடி மூச்சு. ஐயோ, ஒன்றும் சொல்லவில்லையே! ஊர் முழுவதும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. சரி என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் வண்டி புறப்படும். நாளைக்கு அந்த நீல நெருப்பு அவன் நெற்றிப்பொட்டில் ஏறும். ஒருவேளை அவன் மாறி எழுந்தால் அவளுக்கு ஒரு புருஷன், ஒரு குடும்பம், இடுப்பில் ஒரு பிள்ளை. எத்தனை நாள் ஏங்கிய ஏக்கம்! அவள் தலையைத் திருப்பினாள். கருத்தக்கண்ணன் நின்றுகொண்டிருந்தான், தலைமுடியில் இன்னும் ஈரம். கையைக் கூப்பி, வாயைத் திறந்து, சாமி தன்னை என்ன சொல்லப் போகிறதோ என்று குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

அழகம்மாள் வாயைத் திறந்தாள். வந்த குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"கருப்பு சொல்லுது, கேட்டுக்கங்க! 'அவன் நோயாளி இல்ல. எம் புள்ள. நான் வச்ச மனசை எடுக்க எந்தப் பெட்டிக்கும் உரிமையில்ல. அவன் நெத்தியில கம்பி வச்சா நான் இந்த எல்லையில நிக்கமாட்டேன். தவசி உடுக்கைதான் என் உடுக்கை. அவனை வெளிய விட்டு என்னைய உள்ள கூப்பிட்டா நான் எப்புடி வாரது?'"

சொல்லி முடித்ததும் நாக்கு அழுகி விழப்போகிறது என்று நினைத்தாள். வானத்தைப் பார்த்தாள். வானம் வெறிச்சென்று வெள்ளையாக இருந்தது. நாக்கு வாயிலேயே இருந்தது. குலவைச் சத்தம் காதைப் பிளந்தது.

கருத்தக்கண்ணன் அப்படியே மண்ணில் சரிந்தான். புழுதியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "எம் புள்ளன்னு சொல்லிருச்சா? எம் புள்ளன்னா சொல்லுச்சு?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டு விம்மினான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் வாய்விட்டு அழுது அழகம்மாள் பார்த்ததேயில்லை. அவ்வளவு மின்சாரத்துக்கும் அழாதவன் அழுதான். தவசி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு அவனைத் தூக்கி உட்கார வைத்தான். ஒருவரும் தடுக்கவில்லை. கருப்பு வாக்காயிற்றே, யார் தடுப்பது?

உக்கிரபாண்டி தள்ளாடி விழுந்தார். தண்ணீர் தெளித்தார்கள். கண் விழித்து, வழக்கம்போல, "கருப்பு என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார். ஊரே அழகம்மாளைப் பார்த்தது. அவள் ஒரு சொல் பிசகாமல் திரும்பச் சொன்னாள். உக்கிரபாண்டி கேட்டார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு, கைகூப்பி, "உத்தரவு" என்றார்.

கூட்டம் கலைய வெகு நேரமாயிற்று. உக்கிரபாண்டி வண்டியருகே போய்த் தாமே மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அழகம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. நுகத்தடியைப் பிடித்துக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

"இன்னைக்கு எனக்கு எல்லாம் நெனப்பு இருக்கு தாயி."

செம்பு அவள் கையிலிருந்து நழுவியது.

"கரைய ஏறினது நெனப்பு இருக்கு. கல்லத் தாண்டுனது நெனப்பு இருக்கு. தவசி மொகத்தப் பாத்ததும் வெட்டத்தான் தோணுச்சு, கையி வரல, அதுவும் நெனப்பு இருக்கு. உங் காதுக்கிட்ட குனிஞ்சேன். வாயே தெறக்கல எனக்கு."

"மாமா... நான்..."

"பேசாத. எம் மேல கருப்பு வந்துச்சா, இல்ல அந்த உடுக்கைச் சத்தத்துக்கு நானே ஓடினேனா, எனக்குத் தெரியல. வாக்கு எங்கேயிருந்து வந்துச்சுன்னும் எனக்குத் தெரியல. ஊரு கும்பிட்டுருச்சு. நானும் கும்பிட்டுட்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்டணும்." கயிற்றைச் சுருட்டினார். அப்புறம் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். அந்தக் கண்களில் கோபம் இல்லை. மேடையைப் பார்த்துக் கும்பிடும்போது இருக்கிற பார்வை இருந்தது. "ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. அவனுக்குக் கேட்ட. தவசிக்கும் கேட்ட. அம்புட்டையும் சாமி வாயில வச்ச. உனக்குன்னு ஒண்ணும் வாங்கிக்கிடலையே தாயி?"

அழகம்மாள் வண்டிக்குள் கை விட்டு, பரப்பியிருந்த வைக்கோலிலிருந்து ஒரு துரும்பை உருவி எடுத்தாள்.

"இதைத்தான் கேட்டிருக்கணும் மாமா. நெனச்சேன். வாயி வரல."

உக்கிரபாண்டி துரும்பைத் தொடவில்லை. "அது எங் கையில இல்ல. கட்டினவன் குடுக்கணும்" என்றவர், அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்துப் பேச்சை நிறுத்தினார்.

அழகம்மாள் திரும்பினாள். வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கருத்தக்கண்ணன் நின்றிருந்தான். நெற்றியில் புழுதி அப்படியே இருந்தது. எப்போது வந்தானோ, எதுவரை கேட்டானோ! அவன் அவள் கையிலிருந்த துரும்பைப் பார்க்கவில்லை. அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப... கருப்பு என்னைய எம் புள்ளன்னு சொல்லலையா, அழகு?"